பூட்டுக்காரர் வீட்டு வாசல்

சொட்டு மருந்துப் பெட்டியோடு யாராவது தெருமுனையில் திரும்பினால், பூட்டுக்காரரின் வீட்டுக்கு வாசல் இல்லாமல் போய்விடும். மற்ற நேரங்களில் அது எல்லா வீட்டையும் போன்ற வீடுதான். தெருவைப் பார்த்து ஒரு நீலக் கதவு, பக்கத்தில் ஒரு ஜன்னல், ஜன்னல் கம்பியில் காயும் குழந்தைத் துணிகள். பெட்டி வந்ததும் கதவும் ஜன்னலும் இருந்த இடத்தில் சுவர் இருக்கும். ஓசை எதுவும் கேட்காது, தூசி பறக்காது. சுண்ணாம்பு அடித்த பழைய சுவர், மழை வழிந்த கறையோடு, தாத்தா காலத்திலிருந்து அங்கேயே நிற்பதுபோல நிற்கும். பெட்டி தெருவை விட்டுப் போனதும் கதவு திரும்பி வந்துவிடும். துணிகள் பாதி காய்ந்திருக்கும்.

தெருக்காரர்களுக்கு இது பழகிப்போனது. பால்காரர் அந்த நாட்களில் பாலை எதிர்ச்சாரி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். கதவு மறையும் நேரத்தில் பூட்டுக்காரரே வெளியே மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது அவர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, இஸ்திரிக்காரரின் வண்டி நிழலில் வந்து நிற்பார்.

“ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கிறீங்க. சொந்த வீட்டைத் திறக்க வழியில்லையே அண்ணே!” என்பார் இஸ்திரிக்காரர்.

“பூட்டு இருந்தா திறந்துட்டுப் போறேன். சுவத்துக்கு எவன்யா சாவி செய்வான்?”

சொட்டு மருந்து போட வருகிறவர்கள் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் சாக்பீஸால் குறி போட வேண்டும். மருந்து கொடுத்தாயிற்று, குழந்தை ஊரில் இல்லை, மறுத்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. கதவே இல்லை என்பதற்குக் குறி கிடையாது. யோசித்துப் பார்த்துவிட்டு அவர்கள் அந்தச் சுவரில் ‘பூட்டிய வீடு’ என்று போட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு மாலையில் மறுபடி வர வேண்டும் என்பது விதி. மாலையில் வந்தார்கள், சுவர் இருந்தது, மறுபடியும் ‘பூட்டிய வீடு’ என்று போட்டுவிட்டுப் போனார்கள். ஊர் மொத்தமும் இதைச் சொல்லிச் சிரித்தது. பூட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வீட்டுக்குள் ஒரு சிறுமியும், இன்னும் எழுந்து நிற்காத அவள் தம்பியும் இருந்தார்கள். தம்பி பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மருந்துகூட அவன் நாக்கில் விழுந்ததில்லை.

மழைக்கு முந்தைய மாதத்தில் சாக்கடை பேசியது. ஐந்து தெருக்களின் கழிவுநீர் சேரும் இடத்தில் மாதம் ஒருமுறை ஒரு பாட்டில் மொண்டு, ஐஸ் வைத்து, பரிசோதனைக்கு அனுப்புவது பெட்டிக்கார அக்காவின் வேலை. நோய் எங்கே தலைகாட்டுகிறது என்று தெருத் தெருவாகப் பார்த்து வருவதற்காக அரசாங்கம் வைத்திருந்த பெண் அவள். எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கை கால் துவண்டால் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டியவளும் அவள்தான். தோளில் எப்போதும் நீலப் பெட்டி தொங்கும். அந்த மாதப் பாட்டிலில் போலியோக் கிருமி இருந்தது. எந்தக் குழந்தைக்கும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோலக் கிருமி மருந்து குடிக்காத குழந்தையைத் தேடும் என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து தெருவிலும் வீடு வீடாக மருந்து கொடுத்தார்கள். ஊரில் மீதி இருந்தது பூட்டுக்காரரின் மகன் ஒருவன்தான்.

அவளுடைய அலுவலகத்திலிருந்து நெட்டை டாக்டர் நேரில் வந்தார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூப்பிட்டுப் பார்த்தார், கடைசியில் ஏணி கொண்டுவரச் சொன்னார். ஏணியைச் சாய்த்தபோது சுவர் அதைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது. இன்னொரு ஏணியைச் சேர்த்துக் கட்டினார்கள். அப்போதும் ஒரு முழம் கூடுதலாகவே இருந்தது. பெட்டியை இஸ்திரி வண்டியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாலும் வீடு ஏமாறவில்லை. யார் மனத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. பிடிவாதத்தைப் பிடிவாதத்தால் தாண்ட முடியாது என்று பெரியவர்கள் சொல்வதை அன்று தெருவே கண்ணால் பார்த்தது.

ஆனால் எந்த வீடும் ஒரு துவாரத்தை மட்டும் மூட முடியாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் வெளியே போயாக வேண்டும். பக்கச் சந்தில், சாக்கடை ஓரமாக, பூட்டுக்காரர் வீட்டின் கழிவுநீர்த் துவாரம் அப்படியே திறந்திருந்தது. சாக்கடை பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது படும். மறுநாள் காலை பெட்டிக்கார அக்கா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

“யாரது அங்க?” பூட்டுக்காரரின் மனைவியின் குரல்.

“நான்தாம்மா, பெட்டிக்கார அக்கா.”

“வாசல் கிடைக்கலேன்னு இப்போ சாக்கடை வழியா வர்றீங்களா?”

“எனக்கு இதுதானே ஆபீஸ். மாசாமாசம் இங்கதான் உக்கார்றேன். என் வீட்டுக்காரர் என்னைக் குளிக்காம உள்ளயே விடமாட்டார்.”

உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. அது சிறுமியின் சிரிப்பு. அதட்டல் ஒன்று கேட்டதும் அது அடங்கியது.

“நான் மருந்தைப் பத்திப் பேச வரலம்மா. உங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டுட்டுப் போயிடறேன்.”

 அந்தத் தாய் துவாரத்துக்குக் கிட்டே வந்து பேசினாள். “மூத்தவளுக்கு ஒரு தடவைகூட விடாம சொட்டு மருந்து குடுத்தோம். அப்படியும் மூணு வயசுல காய்ச்சல் வந்து கால் துவண்டு போச்சு. உங்க ஆளுங்க வந்தாங்க. ஒரு நாள் ஒரு டப்பா, மறுநாள் ஒரு டப்பான்னு பிள்ளையோட மலத்தை வாங்கி, ஐஸ்ல வெச்சு, என்னமோ தங்கம் மாதிரி தூக்கிட்டுப் போனாங்க. பதில் வரும், வந்து சொல்றோம்னாங்க. நான் அந்த வாசல்லயே நின்னேன் அக்கா. சோறு வடிக்கிறப்பகூட ஒரு கண்ணு வாசல்லயே இருக்கும். யார் வந்தாங்க? ஒருத்தரும் வராத வாசல் எதுக்கு?”

 பெட்டிக்கார அக்கா அப்போது இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் அவள் தோளில் தொங்கியது அதே பெட்டிதான்.

அவள் அலுவலகத்துக்குப் போய் நெட்டை டாக்டரிடம் சொன்னாள். அவருக்கு அந்தக் குழந்தை ஞாபகம் இருந்தது. “அது போலியோ இல்லம்மா. வேற ஒரு நரம்பு வியாதி. போலியோ இல்லேன்னு பதில் வந்த அன்னிக்கி இங்க எல்லாருக்கும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?” என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். மேஜையைப் பார்த்தார். “அந்தச் சந்தோஷத்தை அவங்க வீட்டுக்கு யார் கொண்டு போனது?” என்று தன்னையே கேட்பதுபோலக் கேட்டார். யாரும் கொண்டுபோகவில்லை. அந்த அலுவலகத்தில் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் ஒரு நோயைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த நோய் இல்லாத வீட்டைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். ‘இல்லை’ என்பதும் ஒரு பதில், அதற்காகவும் ஒரு தாய் காத்திருப்பாள் என்பது அந்த ஓட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே நெட்டை டாக்டர் சந்துக்கு வந்து, பேன்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சாக்கடை ஓரத்தில் ஒட்டகம் உட்காருவதுபோலக் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். துவாரத்தில் வாயை வைத்து, நடந்ததைச் சொன்னார். உங்கள் பெண்ணுக்கு வந்தது போலியோ இல்லை, நீங்கள் கொடுத்த மருந்து வீணாகவும் இல்லை, காலுக்குப் பயிற்சி கொடுத்திருந்தால் தேறியிருக்கும், இப்போது கொடுத்தாலும் தேறும், அதைச் சொல்ல நாங்கள் வராதது எங்கள் தப்பு என்றார். உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆனால் நாலு வருஷத்துச் சுவர் ஒரு மன்னிப்பில் விழுந்துவிடாது. தெருப்பக்கம் போய்ப் பார்த்தார்கள். கதவு இருந்த இடத்தில், தரையோரமாக, ஒரு செங்கல் அளவுக்கு மட்டும் திறந்திருந்தது. அதன் வழியாக ஒரு மெலிந்த பாதம் வெளியே வந்தது.

டாக்டர் உள்ளங்கையை அந்தப் பாதத்தில் வைத்தார். “தள்ளு பாப்பா. என்னைக் கீழ விழத் தள்ளு பார்ப்போம்.”

அவள் தள்ளினாள். டாக்டர் அசையவில்லை. ஆனால் சுவர் ஒரு விரல்கடை நகர்ந்தது.

அதற்குப் பிறகு பெட்டிக்கார அக்கா தினமும் காலையில் வந்தாள். பெட்டியை இஸ்திரி வண்டியில் வைத்துவிட்டுச் சுவரடியில் உட்கார்ந்து கையைக் கொடுப்பாள். “உங்க கை ஏன் எப்பவும் ஜில்லுனு இருக்கு?” என்று சிறுமி கேட்பாள். “ஐஸ்கூடவே குடித்தனம் பண்றேன், வேற எப்படி இருக்கும்?” என்பாள் இவள். பாதம் தள்ளத் தள்ளத் திறப்பு அகன்றது. அவள் போனதும் நீலக் கதவு வரும், மறுநாள் அவள் வந்ததும் சுவர் முந்தின நாள் விட்ட அளவிலேயே திறந்திருக்கும். ஒரு வாரத்தில் முட்டி தெரிந்தது. மழை தொடங்கியபோது சிறுமியின் முகம் தெரிந்தது, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பூட்டுக்காரர் ஒரு நாள் டேப்பை வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். “என்னண்ணே அளக்கறீங்க?” என்று இஸ்திரிக்காரர் கேட்டதற்கு, “இந்த வாசலுக்கு நிலை போடணும்ல” என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

மருந்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அது எளிதாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த மாதப் பாட்டிலிலும் கிருமி இருந்தது. சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடியது. தான் அவசரப்பட்டு ஒரு வார்த்தை கேட்டால் சுவர் மூடிக்கொள்ளும், கேட்காமலே இருந்தால் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் இரண்டு பயங்களுக்கு நடுவே நடந்தாள். ஒவ்வொரு நாளும் தெருமுனையில் நின்று கண்ணை மூடி, “இன்னும் ஒரு நாள் அவனைப் பார்த்துக்கோ” என்று கடவுளிடம் கேட்டுக்கொள்வாள். ஒரு நாளைக்கு மேல் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் காலை திறப்புக்குள்ளிருந்து தாயின் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. “அக்கா, சின்னவனுக்குக் காய்ச்சல். எனக்குப் பயமா இருக்கு.”

பெட்டிக்கார அக்கா தரையில் மண்டியிட்டாள். “அவன் காலை வெளிய நீட்டுங்கம்மா.” இரண்டு குட்டிப் பாதங்கள் வெளியே வந்தன. வலது பாதத்தில் விரலால் கிச்சுகிச்சு மூட்டினாள். அது வெடுக்கென்று உள்ளே போனது. இடது பாதத்தில் மூட்டினாள். அது அசையவில்லை. மறுபடி மூட்டினாள். அசையவில்லை. இஸ்திரிக்காரர் சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் யாருடைய சட்டையோ கருகியது. அவள் இன்னும் கிட்டே குனிந்து உற்றுப் பார்த்தாள். அப்போது இடது பாதம் நேராக வந்து அவள் மூக்கில் ஓங்கி ஓர் உதை விட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் உதை வாங்கியதில்லை.

“காலு நல்லா இருக்கும்மா. ஈறைத் தடவிப் பாருங்க, பல்லு முளைக்குது, வேற ஒண்ணும் இல்ல” என்றாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

குட்டிப் பாதங்கள் உள்ளே போயின. பிறகு தாய் சொன்னாள்: “பெட்டியை எடுத்துட்டு வாங்க.”

அவள் வண்டிக்குப் போய்ப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியபோது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. திறப்பு சுருங்கவில்லை. அவள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அதுவும் ஓரடி உயர்ந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது, தலை தட்டாமல் ஒரு மனிதர் நுழையும் உயரத்துக்கு அங்கே ஒரு வாசல் இருந்தது. அதன் வழியாகச் சிறுமி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, லேசாகச் சாய்ந்து, ஆனால் சொந்தக் காலில் நடந்து வெளியே வந்தாள். இரண்டு சொட்டு விழுந்ததும் அவன் முகத்தைச் சுளித்தான். சுண்டு விரலில் ஊதா மை வைத்தபோது, மையை நக்கப் பார்த்தான்.

அடுத்த மாதங்களின் பாட்டில்கள் சுத்தமாக இருந்தன. அந்த அலுவலகத்தில் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. ‘இல்லை’ என்று பதில் வந்தால் யாராவது ஒருவர் அந்த வீடுவரை நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். பெரும்பாலும் நெட்டை டாக்டரே போனார்.

பழைய நீலக் கதவு திரும்பி வரவில்லை. புது வாசலுக்குப் பூட்டுக்காரர் தேக்கில் நிலை போட்டார். கதவும் போட்டார். பூட்டு போடவில்லை. போட்டும் பயனில்லை, ஏனென்றால் அந்த வாசல் அதற்குப் பிறகு ஓரிடத்தில் நிற்கவில்லை. பெட்டிக்கார அக்கா தெருப்பக்கம் வந்தால் தெருப்பக்கம் இருக்கும். அவள் சந்து வழியாக வந்தால், பாவம், வெயிலில் சுற்றி வர வேண்டாம் என்று சந்துப்பக்கம் வந்து நிற்கும். தபால்காரருக்குத்தான் கொஞ்சம் சிரமம். அவர் வீட்டைச் சுற்றி நடந்து தேடிக்கொண்டிருக்கும்போது, பூட்டுக்காரரின் மகன் இரண்டு காலாலும் ஓடிவந்து அவர் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போவான். இன்று வாசல் எந்தப் பக்கம் என்று அவன் பார்ப்பதே இல்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் அது திறந்திருக்கும்.