கதிர்காமநாதனின் மூக்கு

என் கணவர் கதிர்காமநாதன் தியானம் பழகத் தொடங்கியபோது வேறொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் பயந்து செத்தேன்.

காரணம் இருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பு எனக்கு ஒரு விஷக் காய்ச்சல் வந்து போனது. போகும்போது மணம் பிடிக்கும் சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்புத் தெரியும், உறைப்புத் தெரியும், புளிப்புத் தெரியும். மணம் மட்டும் சுத்தமாக இல்லை. மல்லிகைப் பூவும் ஒன்றுதான், மீன் செதிலும் ஒன்றுதான். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பினாங்கில் இருக்கிற எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடையே வள்ளிநாயகியின் தூள் என்றால் ஒரு பேர் உண்டு. கலியாண வீடானாலும் பிள்ளை பெற்ற வீடானாலும் கறித்தூள் வறுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூக்குப் போன சங்கதி வெளியே தெரிந்தால் "ஐயோ பாவம்" என்று ஒரு கதிரையைப் போட்டு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். மூலையில் உட்காருகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை.

இந்த ரகசியத்துக்குப் பெரிய காவல் என் கணவர்தான். சாப்பிடும்போது இடது கையில் பேப்பர், வலது கையில் சோறு. துறைமுக ஆபீசில் தலைமைக் கிளார்க். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்லுவார், தட்டில் என்ன கிடக்கிறது என்று சொல்லமாட்டார். கத்தரிக்காயைப் போட்டுவிட்டு "மீன் எப்படி?" என்று கேட்டால் "நல்ல மீன்" என்பார். இதற்காக வருஷக்கணக்காக அவரோடு சண்டை பிடித்தவள் நான். மூக்குப் போன பிறகு அந்தப் பேப்பர் போடுகிறவனுக்குத் தினமும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அப்போதுதான் டாக்டர் குறுக்கே வந்தார். இரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, மனதைக் கொஞ்சம் அமைதியாக வையுங்கள் என்றார். புலாவ் தீக்குஸ் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு சீன வாத்தியார் ஞாயிறு காலையில் தியான வகுப்பு நடத்துகிறார் என்று ஆபீசில் யாரோ சொல்ல, இவரும் போய்ச் சேர்ந்தார்.

"பெரிசா ஒண்டும் இல்லை," என்றார் முதல் நாள் திரும்பி வந்து. "மூக்கு நுனியில மூச்சு வாறதையும் போறதையும் பார்க்கவேணும். அவ்வளவுதான்."

"அதுக்கு ஏன் பஸ் ஏறிப் போகவேணும்? மூக்கு இஞ்சதானே இருக்கு?" என்றேன். மூக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போது எரிச்சல் வரும்.

அடுத்த வாரம் வந்தது வினை. செய்கிற ஒவ்வொரு வேலையிலும் மனதை வைக்க வேண்டுமாம். நடக்கும்போது நடை, குளிக்கும்போது தண்ணீர், சாப்பிடும்போது சாப்பாடு. அன்று மத்தியானம் பேப்பரை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தார். ஒரு பிடி சோறு எடுத்தார். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மாடு அசைபோடுவது போல மென்றார். எனக்கு வியர்த்துவிட்டது.

"சொதி கொஞ்சம் பழுதாப் போச்சுப் போல," என்றார், கண்ணைத் திறக்காமலே.

"ஓகோ! தியானம் செய்யிற ஆக்கள் குறை சொல்லலாமோ?"

"குறை சொல்லேல்லை. கவனிக்கிறன்."

அன்றிலிருந்து வீட்டில் இதே பாட்டுத்தான். மீன் நேற்றையது, கவனிக்கிறன். எண்ணெய் காறிப் போச்சு, கவனிக்கிறன். மனிசன் கவனிக்காமல் இருந்த காலம்தான் எவ்வளவு நல்ல காலம் என்று ஏங்க ஆரம்பித்தேன். வேறு வழியில்லாமல் மகள் அருந்ததியைப் பிடித்துக்கொண்டேன். "பால் நல்லமோ எண்டு மணந்து பார் பிள்ளை, எனக்குத் தடிமன், மூக்கடைப்பு." "தேங்காய் சரியோ பார், எனக்குத் தடிமன்." மாதக்கணக்காக மாறாத தடிமன் உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்திருக்கும்.

அருந்ததிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. எழுபதுகளில் இங்கிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் அப்படிப் போனார்கள். எங்கள் வீடுகளில், பெட்டிக்குள் கம்பளிச் சட்டையை மறந்தாலும் கறித்தூளை மறக்க மாட்டோம்.

"கடைத்தூள் ஒரு பாக்கெட் போதும் லா, அம்மா," என்றாள் அவள், இந்த ஊர்ப் பேச்சில் 'லா' போட்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருஷம் என் பிள்ளை முன்பின் தெரியாத குளிரில் கிடக்கப் போகிறாள். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்க நான் இருக்க மாட்டேன். போத்தலைத் திறந்தால் வீடு மணக்க வேண்டும். நான் கூடக் கொடுத்து அனுப்பக்கூடியது அது ஒன்றுதான். அதை நானேதான் வறுக்க வேண்டும்.

ஆனால் எப்படி? மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். பதத்தைச் சொல்வது கண் இல்லை, மூக்கு. மணம் எழும்புகிற அந்த நேரத்தில் தாச்சியை இறக்க வேண்டும். முந்தினால் பச்சை, பிந்தினால் கசப்பு. வீட்டில் ஒருவரும் இல்லாத நாளாகப் பார்த்து, நிறத்தை மட்டும் நம்பி வறுத்தேன். வாளியில் போட்டு, திரிஷா வண்டி பிடித்து, சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கிற முகம்மது சுல்தானின் மில்லுக்குக் கொண்டுபோனேன்.

சுல்தான் வாளிக்குள் குனிந்தவர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

"என்னக்கா, இது நீங்க வறுத்ததா?"

"புதுசா வந்த வேலைக்காரப் பிள்ளை," என்றேன்.

"அந்தப் புள்ளைய இனிமே அடுப்புப் பக்கமே விடாதீங்கக்கா. வெந்தயம் தீஞ்சு போயிருக்கு. இத அரைச்சா என் மிசினே கசந்துரும் லா."

எங்கள் வீட்டில் வேலைக்காரியே கிடையாது. அடுப்புப் பக்கம் விடக்கூடாத அந்தப் பிள்ளைக்காகத் திரிஷாவில் வீடு வரும்வரை அழுதேன்.

திங்கட்கிழமை விமானம். சனிக்கிழமை புதுச் சாமான் வாங்கி மறுபடி கரி அடுப்பை மூட்டினேன். அருந்ததி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். இவர் ஹாலில் சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்மூடி, மூக்கு நுனியில் இருந்தார். போன முறை மோசம் செய்தது வெந்தயம்தானே, முதலில் அதை முடித்துவிடுவோம் என்று தாச்சியில் ஒரு பிடி போட்டேன்.

"வெந்தயம் கருகுது," என்று ஹாலில் இருந்து குரல் வந்தது.

அடுப்புக்கு நேரே நிற்கிறவள் நான். குனிந்து பார்த்தேன். கரி அடுப்பின் புகை என்று நான் நினைத்தது தாச்சியில் இருந்து வந்துகொண்டிருந்தது. அவர் எழும்பி வந்து வாசலில் நின்றார்.

"இவ்வளவு புகைக்குள்ள நிண்டும் உமக்கு மணக்கேல்லையோ?"

"தடிமன்."

"நீர் தும்மி நான் காணேல்லையே," என்றார் மெதுவாக.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. காய்ச்சலில் இருந்து மில் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பாவம் என்று சொல்லப் போகிறார், அந்தச் சொல்லைக் கேட்டால் அகப்பையாலேயே போடுவேன் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கருகியதைக் கொட்டி, தாச்சியைத் துடைத்து அடுப்பில் வைத்தார். ஒரு பலகையை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் கொட்டினார். முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடினார்.

"வறும். என்ர மூக்கு சும்மாதானே கிடக்கு."

மல்லியைப் போட்டேன்.

"இன்னும் பச்சை... ஈர வைக்கோல் மாதிரி... இப்ப கொஞ்சம் தோடம்பழத் தோல்... பொறும்... ஆ, இப்ப!"

இறக்கினேன். சீரகம். பெருஞ்சீரகம். மிளகு. ஒவ்வொன்றுக்கும் மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்கவில்லை. மிளகாய் போட்டதும் தியானம் குலைந்தது. இருவரும் இருமி, தும்மி, கண்ணீர் வடித்து முற்றத்துக்கு ஓடினோம். "இதுக்கு உங்கட மூக்கு வேண்டாம், எனக்கே தெரியும்," என்றேன். அவர் இருமலுக்கு இடையில் சிரித்தார்.

வெந்தயத்தைக் கடைசிக்கு வைத்தேன். நான் கிளறினேன், அவர் முகத்தைப் பார்த்தேன். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் இந்த மனிசன் என்னோடு ஒரு வேலையில் இப்படி முழுசாக இருந்து நான் கண்டதில்லை. அப்போது அவர்மேல் எனக்கு வந்த ஆசையை எழுத வெட்கமாக இருக்கிறது.

"இப்ப!" என்றார். தாச்சியில் வெந்தயம் பொன் நிறமாக இருந்தது.

வெளிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அம்மா! ரோட்டு முனையிலயே மணக்குது!" என்று கத்திக்கொண்டு வந்த அருந்ததி, அடுப்படியைக் கண்டு திகைத்து நின்றாள். "அப்பா என்ன, அடுப்படியில தியானமோ?"

அவர் என்னைப் பார்த்தார். நானே சொன்னேன். "தடிமன் தடிமன் எண்டு என்னை ஏமாத்தினீங்கள் என்ன!" என்று அவள் என் தோளில் அடித்தாள், பிறகு அதே தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்று பின்னேரம் சுல்தான் ஒரு கை அள்ளி முகர்ந்து தலையை ஆட்டினார். "இதுதான் அக்கா வீட்டுத் தூள். அந்தப் புள்ளைய நிப்பாட்டிட்டீங்களா?"

"இல்லைத் தம்பி. அவளுக்குத் துணைக்கு ஒரு ஆள் போட்டிருக்கு," என்றேன்.

திங்கட்கிழமை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் விமானம் ஏறக் கூப்பிட்டுவிட்டார்கள். அருந்ததி என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் தலை என் முகவாய்க்குக் கீழே வந்து நின்றது. மடியில் கிடந்த நாளில் இருந்து அந்த உச்சியின் மணம் எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்குப் போதுமான அளவுக்கு மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. மூக்குப் போனதற்காக நான் உண்மையாகத் துக்கப்பட்டது அந்த நேரத்தில்தான்.

இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாலு பேர் முன்னால் பிள்ளையின் கையைக்கூடப் பிடிக்காத மனிசன். குனிந்து, அவள் உச்சியில் மூக்கை வைத்து, கண்ணை மூடினார்.

"அப்பா, எல்லாரும் பார்க்கினம் லா."

அவர் அசையவில்லை. ஆற அமர ஒரு மூச்சு எடுத்து, விட்டு, என் காதுப் பக்கம் வந்தார்.

"நல்லெண்ணெய். கொஞ்சம் சீயாக்காய். தலை முழுகியும் சனிக்கிழமை வறுத்த மல்லி போகேல்லை. அதுக்கு அடியில... சின்னப் பிள்ளையில இருந்த மணம். அது அப்பிடியே இருக்கு."

"இருக்கோ?"

"இருக்கு. வடிவா இருக்கு."

நான் பிள்ளையை இழுத்து இன்னொரு முறை மூச்சு எடுத்துக்கொண்டேன். பிறகு அவளைப் போகவிட்டேன்.