உள் தகடு

“எனக்காக இல்லடா. தங்கந்தானான்னு உங்க மாமா கேப்பாரு,” என்றாள் அக்கா.

தம்பி பாக்கெட் கடிகாரத்தை மேசைமேல் வைத்தான். அது அக்காவுக்கு என்று அப்பா சாவதற்கு முன் சொல்லியிருந்தார். ஒரு வருடமாக அது தம்பியின் பீரோவில் இருந்தது. இன்று கொடுக்க வந்தவனை அப்படியே நகை மதிப்பீட்டாளரிடம் இழுத்து வந்துவிட்டாள்.

மதிப்பீட்டாளர் கடிகாரத்தைத் திருப்பினார். பின்மூடியில் அப்பாவின் பெயர் செதுக்கியிருந்தது.

“எங்க உரசட்டும்?”

“பேர் பக்கம் வேண்டாம். உள்ள எங்கயாவது,” என்றாள் அக்கா.

அவர் பின்மூடியைத் திறந்தார். அதற்குள், இயந்திரத்தை மறைத்து, இன்னொரு மெல்லிய தகடு. அதன் விளிம்பை உரைகல்லில் தேய்த்தார். மஞ்சள் கோடு விழுந்தது. அதன்மேல் ஒரு சொட்டு அமிலம். கோடு பச்சையாக நுரைத்துக் கரைந்தது.

“இந்தத் தகடு பித்தளை. ஆனா...”

அக்கா தம்பியின் பக்கம் திரும்பிவிட்டாள்.

“எங்க மாத்தின?”

“என்னது?”

“அப்பாகிட்ட இருந்தவரைக்கும் தங்கம். உன் பீரோவுல பித்தளையாயிடுச்சு. நல்ல ராசியான பீரோ.”

“நான் திறந்துகூடப் பாக்கலக்கா.”

“சின்ன வயசுல மிட்டாயத் தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து நிப்பியே, அதே மூஞ்சி.”

அவனுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது.

“அந்தத் தங்கத்தை வித்துத்தான வீட்டுக்கு மாடி கட்டுன?”

தம்பி மதிப்பீட்டாளரிடம் சொன்னான்.

“பின்மூடியப் பாருங்க.”

“மேல உரசினா வெறும் தங்கப் பூச்சா இருந்தாலும் ஏமாத்தும். அரம் போட்டு ஆழமாக் கீறணும். தழும்பு நிக்கும்.”

“பேருக்குக் கீழயே போடுங்க.”

அக்கா தடுக்கவில்லை.

அரம் மூன்று முறை கீச்சிட்டது. மதிப்பீட்டாளர் கீறலில் அமிலத்தை விட்டுவிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தார். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறம் மாறவில்லை.

“தங்கம். உள் தகட்டை மட்டும் அந்தக் காலத்துல பித்தளையில போடுவாங்க. அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க விடல.”

அக்கா பெருமூச்சு விட்டாள்.

“அப்பாடா. இனி உங்க மாமா வாயத் திறக்க முடியாது. வாடா, காபி குடிச்சிட்டுப் போலாம்.”

தம்பி மேசையிலிருந்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தான்.

“கடிகாரம் வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடு. தங்கம்னும் எழுது.”

“டேய், நமக்குள்ள என்னடா இதெல்லாம்?”

அவன் பேனாவைத் திறந்து நீட்டினான்.