நானூற்றுப் பன்னிரண்டு கன்றுகளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. அக்காவுக்காக நான் எழுதித் தர வேண்டிய மன்னிப்புக் கடிதம். அக்கா கடல் விஞ்ஞானி. கடலோரப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை. வாரம் இருமுறை பள்ளிப் பிள்ளைகளை முழங்கால் நீரில் இறக்கிக் கடற்புல்லை எண்ணக் கற்றுத்தருவாள். திங்களுக்குள் கடிதம் வராவிட்டால் வகுப்பு ரத்து. “உங்க தம்பி ஏதோ கதை எழுதுவாராமே, அவரையே எழுதச் சொல்லுங்க” என்றாராம் அலுவலக இயக்குநர்.

2

“இயக்குநரின் பொற்பாதங்களுக்கு…” (வேண்டாம். அவர் அன்று ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.)

“கடலன்னையின் மடியில்…” (அக்கா படித்தால் தொலைந்தேன்.)

3

நடந்தது இதுதான். கேமராக்கள் முன் இயக்குநர் ஐந்நூறு அலையாத்திக் கன்றுகளை நடவைத்தார். அலையாத்தி சேற்றில் வளரும் மரம். நட்டதோ கடற்புல் பரப்பின் நட்ட நடுவில்.

“சார், இங்க கன்னும் பிழைக்காது, புல்லும் செத்துடும். சேறு அந்தப் பக்கம், முகத்துவாரத்துல.”

“அங்க நாத்தம்மா. போட்டோல தண்ணியும் கலங்கலா விழும்.”

மறுநாள் கடல் வற்றியதும், அக்காவும் பிள்ளைகளும் கன்றுகளைப் பிடுங்கி முகத்துவாரச் சேற்றில் நட்டார்கள். அலுவலகம் இதற்கு வைத்த பெயர்: ‘பசுமைச் சொத்துக்குச் சேதம்’.

4

(நாயகியை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். அவளை மனம் திருந்தி அழவைத்துப் பார்த்தேன். “அவள் கண்களிலும் உப்பு…” சீ.)

போனில் கெஞ்சினேன். “ஒரு கையெழுத்துதானேக்கா? போட்டுட்டு வகுப்ப நடத்து.”

“டேய், புல்லு மேல மரம் நட்டது சரின்னு நானே எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் அந்த வகுப்புல என்னத்தடா சொல்லிக்குடுக்கிறது?”

5

முடிவு ஒன்று: இயக்குநர் மனம் மாறுகிறார். (சிரிக்காதீர்கள்.) முடிவு இரண்டு: அக்காவின் வேலை போகி—

அதற்குள், கையெழுத்துக்காக அக்காவுக்கு நான் அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. ‘வருந்துகிறேன்’ மேல் சிவப்புக் கோடு. ‘ஐந்நூறு கன்றுகளைப் பிடுங்கினேன்’ என்பதில் ஐந்நூறை அடித்து 412 ஆக்கியிருந்தாள். கீழே: “மீதி 88 ஞாயிறு காலை ஆறரைக்கு, கடல் வற்றியதும்.” அதன் கீழே முழுக் கையெழுத்து. ஓரத்தில் எனக்கு மட்டும்: “எண்ணாம எழுதாதே.”

ஓரத்தை மட்டும் கத்தரித்துவிட்டு இயக்குநருக்கு அனுப்பிவிட்டேன். திங்களன்று என்ன ஆகும் என்று நான் எழுதப்போவதில்லை. ஞாயிறன்று வகுப்பு கிடையாது; இல்லாத வகுப்பை ரத்து செய்ய யாராலும் முடியாது. ஆறரைக்கு வந்துவிடுங்கள். புல்லை மிதிக்காமல் நடப்பது எப்படி என்று பிள்ளைகள் காட்டுவார்கள்.