சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்த நிலநடுக்கம்

எங்கள் ஊரில் நிலநடுக்கம் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரும். துறைமுகத்தில் கரையேறி, படிக்கட்டுத் தெரு வழியாக, கடலோரத்து முதல் வீட்டிலிருந்து வரிசையாக ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். எந்த வீட்டையும் தாண்டிப் போகாது, ஒரே வரவில் எந்த வீட்டுக்கும் இரண்டு தரம் போகாது. அந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல முடியாது.

ஊரின் பெயர் பியெத்ராலேந்தா. சிசிலித் தீவின் கிழக்குக் கரையில், ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பல இடம் அலைந்து, நானும் என் மனைவி நிரோஜாவும் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தோம். நான் எலுமிச்சைத் தோட்டத்தில் பழம் பறிக்கிறேன். நாங்கள் குடியிருப்பது வீட்டுக்கார அம்மா சினியோரா நுன்சியாவின் மேல்வீட்டில். அவர் கீழே இருக்கிறார். இங்கே எல்லோரும் இத்தாலியத்தில்தான் கதைப்பார்கள். ஆனால் என் காதில் எல்லாமே யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். ஆகவே கேட்டபடியே சொல்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் நிலநடுக்கத்துக்கென்று ஒரு சுவர் கட்டி வைத்திருப்பார்கள். கூரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அது எதையும் தாங்காது. வீட்டின் உண்மையான சுவருக்கு ஒரு சாண் முன்னால் சும்மா நிற்கும். நிலநடுக்கம் வந்ததும் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தச் சுவரைக் காட்டுவார். அது தோளால் ஒரு தள்ளுத் தள்ளும். சுவர் விழும். அது தலையை அசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். வீட்டுக்காரர் கற்களைக் கூட்டி ஒதுக்கிவிட்டு மேசன் சாரோவுக்கு ஆளனுப்புவார்.

சுவர் இல்லாத வீட்டில் மட்டும் அது தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். முன்னொரு காலத்தில் கோதுமைப் பாண் சுடுகிற ஒருவர், கஞ்சத்தனத்தால் சுவர் கட்டாமல் விட்டுவிட்டார். அது மேல்மாடியை எடுத்தது. மேல்மாடியில் நித்திரை கொண்டிருந்தவர்களின் பெயர்கள் தேவாலய வாசலில் ஒரு கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. எல்லோரும் உள்ளே போகும்போது அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் நாங்கள் கேள்விப்பட்டது கொஞ்சம் பிந்தித்தான். குடிவந்த அன்று நாங்கள் கண்டது, கிழக்குப் பார்த்த ஒரு வெறும் சுவர். வெள்ளையடித்து, ஓர் ஆணிகூட அடிக்காமல் துப்புரவாக விட்டிருந்தார்கள். கிழக்குச் சுவரை இப்படி விட்டுவைத்தால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? முதல் வேலையாக நிரோஜா பெட்டியைத் திறந்து பிள்ளையாரையும் முருகனையும் எடுத்தாள். பிறகு தன் அப்பாவின் படத்தை எடுத்தாள். நான் ஆணி அடித்தேன். அவள் விளக்கு வைத்தாள். வீடு வீடாகிவிட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம்.

சினியோரா நுன்சியா அதைக் கண்டது எங்கள் மகள் பிறந்த பிறகுதான். பிள்ளை பார்க்க, சீனி பூசிய பாதாம் பருப்புப் பொட்டலத்தோடு மேலே ஏறி வந்தார். வந்தவர் பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார்.

“ஆணி அடிச்சிட்டியளோ?” என்றார்.

“ஓம்” என்றேன்.

“ஆணி அடிச்சா அது வீட்டுச் சுவராயிடும் மகன். இனி அது வாங்காது.”

அப்போதுதான் எல்லாவற்றையும் எங்களுக்குச் சொன்னார். ஆணியைப் பிடுங்கினாலும் பிரயோசனமில்லையாம். மேசன் சாரோ வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். புதிதாக ஒன்று கட்டலாம், ஆனால் ஒரு கோடையாவது காயவேண்டும், பச்சைச் சுவரை அது தொடாது என்றார். அது வரும் காலம் நெருங்கிவிட்டது என்பதற்கு ஊரில் அடையாளங்கள் தெரிந்தன. கோப்பித் தட்டில் கரண்டிகள் தாமாகவே ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.

நாங்கள் பிறந்த ஊரில் வீடுகள் விழுந்தபோது யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. முற்றத்தில் நின்றவர் நின்றபடி, அடுப்படியில் இருந்தவர் இருந்தபடி போனார்கள். நிரோஜாவின் அப்பா அப்படித்தான் போனார். அதனால் சினியோரா நுன்சியா சொல்லி முடித்ததும் நிரோஜா, “தட்டிப்போட்டுத்தானே வருமெண்டுறியள், பிறகென்ன?” என்றாள். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. எங்கள் மகள் ஆரணி தூங்கும் ஏணை, கூரையைத் தாங்கும் பெரிய மர வளையில் கட்டியிருந்தது. நிரோஜாவின் பழைய பருத்திச் சேலையில் கட்டிய ஏணை. அந்த வீட்டில் எடுக்கத் தகுந்தது என்று பார்த்தால் அந்த வளை ஒன்றுதான் இருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறெங்காவது போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வருகிற நாளில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஆட்கள் திரும்பிவரும்வரை அது வாசலில் காத்திருக்கும். அது நின்று காத்திருந்தால் மொத்தப் படிக்கட்டுத் தெருவும் சரிந்துவிடும். அயலுக்கு அப்படிச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. கீழேயிருந்து சுவர்கள் விழும் சத்தம் ஒவ்வொன்றாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஆரணிக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றுக்குத்து. கத்திக் கத்தி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். நிரோஜா குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டில் சினியோரா நுன்சியா தன் சுவரைக் கொடுத்துவிட்டு, “மேல பச்சைப்பிள்ளை இருக்கு, பாத்துப் போங்கோ” என்று சொல்வது கேட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடத் தோன்றும்.

பிறகு எங்கள் கதவு தட்டப்பட்டது. நான் எழும்புவதற்குள் நிரோஜா அகப்பையும் கையுமாகப் போய்த் திறந்துவிட்டாள். வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு அது நின்றது. நிரோஜா உதட்டில் விரலை வைத்தாள்.

“மெல்ல. பிள்ளை இப்பதான் நித்திரையானவள். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ.”

எங்கள் வீட்டுக்குள் யாரும் சப்பாத்தோடு வருவதில்லை. அதை அவள் தோட்டத்து முதலாளிக்கும் சொல்லியிருக்கிறாள், பாதிரியாருக்கும் சொல்லியிருக்கிறாள். நிலநடுக்கம் குனிந்து பார்த்தது. அதனிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. படியில் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, சுவரோரமாக நேராக வைத்தது. வைத்த இடத்தில் படிக்கல் இரண்டாகப் பிளந்தது. வெறுங்காலோடு அது உள்ளே வந்தபோது அலுமாரியில் ஒரு கிண்ணம்கூட அசையவில்லை.

அது கிழக்குச் சுவரைப் பார்த்தது. படங்களையும் விளக்கையும் பார்த்தது. நிரோஜாவின் அப்பாவை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்த மாதிரி எனக்குப் பட்டது.

“இது வீட்டுச் சுவர்” என்றது. “எனக்கு எது?”

“தெரியாமல் செய்துபோட்டம்” என்றேன். அது குற்றம் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி வளையைப் பார்த்தது. வளையிலிருந்து ஏணைக் கயிறு வழியாகப் பார்வை கீழே இறங்கியது.

“அப்ப அந்த வளையை எடுக்கிறன்” என்றது.

“எடுக்கிறதைப் பிறகு பாப்பம்” என்றாள் நிரோஜா. “சாப்பாட்டு நேரத்தில வந்திட்டு வெறும் வயித்தோட நிண்டு என்ன கதை? இருங்கோ.”

கதிரை போட்டாள். அது உட்கார்ந்தது. கதிரை தாங்கியது. பிட்டும், கத்தரிக்காய்க் குழம்பும், தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். இந்தத் தீவில் கத்தரிக்காய்க்குக் குறைவில்லை. அது எங்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் சாப்பிட்டது. உறைப்பில் மூக்கைச் சிந்தியது. இரண்டாம் தரம் போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வளவு காலமாக ஊர் ஊராக ஏறி இறங்குகிறதே, ஒருவருக்கும் இதை இருத்திச் சாப்பாடு போடத் தோன்றவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. வளை போகப்போகிற கவலைக்கு நடுவிலும் அப்படி நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆரணி எழும்பிவிட்டாள். வயிற்றுக்குத்து திரும்பவும் பிடித்துக்கொண்டது. நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன், நிரோஜாவின் கையெல்லாம் குழம்பு.

“உங்கட இடக்கை சும்மாதானே இருக்கு?” என்றாள் அவள் நிலநடுக்கத்திடம். “அந்த ஏணையை ஒருக்கா ஆட்டிவிடுங்கோ.”

அது கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வளை முறிகிற சத்தம் கேட்கவில்லை. சேலை காற்றில் உரசுகிற சத்தம்தான் கேட்டது. திறந்து பார்த்தபோது ஏணை போய் வந்துகொண்டிருந்தது. இப்படி ஓர் ஆட்டலை நான் எந்தத் தாயிடமும் கண்டதில்லை. ஒரே அளவாகப் போய், ஒரு கணம் நின்று, திரும்பி வந்தது. பரம்பரைத் தொழில் அல்லவா? ஆரணி இரண்டு தரம் விக்கினாள். பிறகு வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டாள்.

அது நிறுத்தவில்லை. சாப்பிட்ட கை காய்ந்துபோக, பின்னேரம்வரை ஆட்டிக்கொண்டிருந்தது. மேல்தெருவுக்கென்று கொண்டுவந்த நடுக்கம் அவ்வளவும் அந்தக் கயிறு வழியாகவே போய் முடிந்தது. மேல்தெருக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி தங்கள் தங்கள் சுவருக்குப் பக்கத்தில் நின்று களைத்துப்போனார்கள். தாங்கள் ஒதுக்கப்பட்டதாகச் சிலருக்கு இன்றும் மனவருத்தம் உண்டு.

வெயில் இறங்கியதும் அது எழும்பியது. பாதியாகச் சுருங்கியிருந்தது. வளையை ஒருமுறை பார்த்தது, கீழே தூங்குகிற பிள்ளையையும் பார்த்தது. தான் நித்திரையாக்கிய பிள்ளையைத் தானே எழுப்ப யாருக்குத்தான் மனம் வரும்?

“வளை இருக்கட்டும்” என்றது.

அந்த இரண்டு சொற்களுக்கு நான் எந்தக் காலத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன்? அப்போது கையைக் கூப்பினேன், அவ்வளவுதான். நிரோஜா மிச்சப் பிட்டையும் குழம்பையும் தூக்குச்சட்டியில் போட்டு, மூடியை அழுத்திக் கையில் கொடுத்தாள். அது “நன்றி” என்றது. இந்த ஊரில் அது அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்று சினியோரா நுன்சியா பிறகு சொன்னார். சப்பாத்துகளை எங்கள் வாசலில் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய், துறைமுகத்தில்தான் போட்டுக்கொண்டது. போட்டதும் அங்கே இரண்டு படகுகள் கவிழ்ந்தன. ஆட்கள் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள்.

அதன் பிறகு நிரோஜாவுக்கு ஒரு கவலைதான் இருந்தது. தூக்குச்சட்டி அவள் அம்மா கொடுத்துவிட்டது.

“குடுத்தது குடுத்ததுதான், விடும்” என்றேன்.

“அது அப்பிடிப்பட்ட ஆளில்லை” என்றாள்.

எலுமிச்சை பூத்த காலத்தில் ஒரு காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் வெறுங்காலோடு அது நின்றது. கையில் தூக்குச்சட்டி. புளி போட்டுத் துலக்கியிருந்தது.

“வெறுஞ்சட்டியாக் கொண்டுவரப் படாதெண்டு சொன்னவை” என்றது. யார் சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

நிரோஜா மூடியைத் திறந்தாள். உள்ளே அதன் பிள்ளை படுத்திருந்தது. கதவைத் தட்டக்கூட வயது வராத மிகச் சின்ன நடுக்கம். விரலை வைத்தால் மெல்லத் துடித்தது.

“எனக்குக் கடலுக்கு அங்கால வேலை” என்றது நிலநடுக்கம். “இதையும் வைச்சுக்கொண்டு செய்யேலாமல் கிடக்கு. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போறன்.”

“அதுக்கென்ன, விட்டிட்டுப் போங்கோ” என்றாள் நிரோஜா.

அதே வளையில் இன்னொரு சேலையை மடித்துக் கட்டினோம். நான் ஏணையை ஆட்டினேன். அலுமாரியில் கிண்ணங்கள் குதித்தன. கீழேயிருந்து சினியோரா நுன்சியா, “அதை ஆட்டாதேங்கோ, பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ” என்று கத்தினார். சரிதான். ஏணையை அசையாமல் பிடித்தபோது அது கொட்டாவி விட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றபோது தூங்கிவிட்டது. என் கை உளைந்ததும் நிரோஜா பிடித்தாள். பிறகு சினியோரா நுன்சியா மேலே ஏறி வந்து பிடித்தார். மத்தியானத்துக்குள் படிக்கட்டில் வரிசை நின்றது. மேசன் சாரோ சீமெந்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மனவருத்தப்பட்ட மேல்தெருக்காரர்களும் வந்தார்கள்.

பின்னேரம் என்றுதான் சொன்னது. அதற்குப் பிறகு ஆரணி நடக்கத் தொடங்கி, பேசவும் தொடங்கிவிட்டாள். நிலநடுக்கத்துக்கு வேலை முடியவில்லை போலிருக்கிறது. நாங்களும் அவசரப்படுத்தவில்லை. இந்த இடைக்காலத்தில் ஊரில் ஒரு சுவர்கூட விழவில்லை. சாரோ இப்போது எங்கள் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வருகிறார். பாண் சுடுகிறவர் வீட்டாரின் பெயர் வெட்டிய தேவாலயக் கல்லுக்கு யாரோ தினமும் பூ வைக்கிறார்கள்.

நேற்று சின்னது ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு முதல் அடி வைத்தது. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தி கீழே துறைமுகம்வரை போய்விட்டது. இன்று காலை ஊரில் இருந்த ஒரே சப்பாத்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்தார். பாதிரியார் வெறுங்காலோடு பூசை வைத்தார். மணப்பெண் ஒருத்தி வெறுங்காலோடு படியேறி வந்தாள். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துத்தானே பழகும். எல்லோர் சப்பாத்துகளையும் மூட்டைகளாகக் கட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு இடமில்லாததால், கிழக்குச் சுவருக்கும் உண்மையான சுவருக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடைவெளியில் ஊர் முழுவதன் சப்பாத்துகளையும் போட்டோம். எல்லாம் அடங்கின, நிரோஜாவின் அப்பா படம் மாட்டிய உயரத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் இடமும் மிச்சம் இருந்தது.