ஆதாயம் உள்ளவர்கள் இப்போதே சொல்லவும்

1

இந்தக் கதையால் எனக்கு ஆதாயம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ஜெம்மா இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் ஆக்சுவரி. ஓய்வூதிய நிதியில் இருக்கும் பணம், அதை வாங்குகிறவர்களில் கடைசி ஆள் சாகும்வரை போதுமா என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. நிதியை நிர்வகிக்கும் அறங்காவலர்களோடு அவளுக்கு நடக்கும் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: இன்று பேசப்போகும் விஷயத்தில் யாருக்காவது சொந்த ஆதாயம் உண்டா? எல்லாரும் "புதுசா ஒண்ணுமில்ல" என்று முனகிவிட்டு பிஸ்கட் தட்டைப் பார்ப்பார்கள். போன மாதம் ஜெம்மா, "எனக்கு இருக்கு" என்றாள். அன்று மாலை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே அதை என்னிடம் சொன்னாள். நான் உடனே பேனாவைத் தேடினேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை கொட்டிய ஒரு காலையில், மரணத்தை எண்ணத் தெரிந்த அந்தப் பெண்...'

"பேய்க்கதையா எழுதற?" என்றாள் ஜெம்மா.

இரண்டாவது: 'கணிதப் பட்டம் வாங்கிய கையோடு வேலையில் சேர்ந்தாள். ஏழு வருடம் தேர்வு எழுதினாள். ஒரே தாளில் மூன்று முறை கோட்டைவிட்டாள். அடுத்தவர் கையெழுத்துப் போட அறிக்கை தயாரித்தே காலம் போனது. கடைசியில் ஹாலிஃபாக்ஸ் கம்பள ஆலை ஒன்றின் ஓய்வூதிய நிதி அவள் பொறுப்பில், அவள் கையெழுத்தில்...'

"இது கதையா, வேலைக்கு விண்ணப்பமா?"

விண்ணப்பம்தான். ஆனாலும் உண்மை என்பதால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

3

அந்த நிதியில் தேவைக்கு மேலேயே கொஞ்சம் சேர்ந்திருந்தது. அறங்காவலர்கள் முன்னால் இரண்டு வழிகள். இப்போதே எல்லாவற்றையும் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம். ஓய்வூதியம் கடைசிவரை நிச்சயம். ஆனால் உபரி அதற்கான கட்டணத்துக்கே சரியாகிவிடும், பழைய தொழிலாளிகளுக்கு ஒரு பென்னிகூட ஏறாது. அல்லது ஐந்து வருடம் பொறுக்கலாம். உபரி வளர்ந்தால், விலைவாசி ஏறியும் ஏறாமலே கிடக்கும் அவர்கள் தொகையை உயர்த்தலாம். சந்தை விழுந்தால் உபரியும் போய்விடும்.

ஒப்படைத்தால் ஜெம்மாவுக்கு அங்கே வேலை இல்லை. நிறுவனத்தில் பார்ட்னர் ஆக அவள் நம்பியிருந்ததே அந்த ஒரு நிதியைத்தான். அவள் போட்ட கணக்கும் 'பொறுங்கள்' என்றது. அதுதான் சிக்கல்.

"நீங்க பொறுத்தா எனக்கு லாபம்," என்றாள் கூட்டத்தில். "என் யோசனையும் பொறுங்கங்கறதுதான். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்துக்கோங்க."

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய அறங்காவலர் கிளிஃப். ஒரு காலத்தில் அந்த ஆலையில் தறி பழுது பார்த்தவர். எழுபத்தெட்டு வயது.

"உள்ளத சொன்னதுக்கு சந்தோஷம், கண்ணு. ஆனா இப்ப உன்ன நம்பறதா வேணாமான்னே தெரியல."

"எனக்கும்தான் தெரியல."

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க பழைய ஆளுங்க எத்தன பேர் இருப்பாங்க?"

"நாலுல மூணு பேர்."

"அந்த நாலாவது ஆளு யாரு?"

"அது எங்க கணக்குல வராதுங்க."

4

இந்த இடத்தில் கிளிஃப் சாகப்போகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். அறை உறைந்துபோவதாகவும்.

"அவரு அப்படியெல்லாம் சொல்லவே இல்ல," என்றாள் ஜெம்மா. "இஞ்சி பிஸ்கட் இன்னும் இருக்கான்னு கேட்டாரு. அப்புறம் அவங்க அக்கா ஜீன் பத்தி சொன்னாரு. அவ்ளோதான்."

"என்ன சொன்னாரு?"

"அவங்களும் அந்த ஆலைல இருந்தவங்கதானாம். குளிருக்கு ஒரு ரூம்லதான் ஹீட்டர் போடறாங்களாம். 'உயர்வு வந்தா ரெண்டாவது ரூமுக்கும் போடுவா, வர்றப்ப அவ இருக்கணுமே'ன்னாரு."

என் பெயர்ப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். ஜெம்மாவுக்கு எத்தனை பேர் சாவார்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது. எனக்கு யார் என்று தெரியும். கதையில் அதை முடிவு செய்வதே நான்தானே. கதையின் கடைசிக்கு ஒரு கனம் வேண்டும் என்று கிளிஃபைக் கொன்றுவிடலாமா என்றுகூட அவளிடம் கேட்டேன்.

"கிளிஃபையா? அவரு தினம் மேடு ஏறி நடக்கறவரு. உனக்கு ஒரு சாவு வேணும்னா வேற யாரையாவது பாரு."

"யாரை?"

அவள் உருளைக்கிழங்குத் தோலைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

[விடுபட்ட ஓர் ஆதாயம்: ஜெம்மா பார்ட்னர் ஆனால் எங்கள் ஒழுகும் கூரையை மாற்றலாம். ஆகவே பொறுப்பதன் நன்மையை மூன்றாம் பகுதியில் நான் கொஞ்சம் தூக்கிப் பேசியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும்.]

5

அறங்காவலர்கள் ஐந்து பேர். ஒப்படைக்கலாம் என்று இரண்டு பேர் கை தூக்கினார்கள். பொறுக்கலாம் என்று இரண்டு பேர். மிச்சம் கிளிஃப்.

"எந்தப் பக்கம் தூக்கினாரு?"

"ஆலைக்காரங்களுக்கே இன்னும் லெட்டர் போகல. அவங்களுக்கு முன்னாடி உனக்கு எப்படிச் சொல்றது?" என்றாள் ஜெம்மா. பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியும் அவளிடமிருந்து அதைக் கறக்க முடியவில்லை.

எனவே நானே எழுதிப் பார்த்தேன். முடிவு ஒன்று: ஒப்படைத்தார்கள். ஜீனுக்கு மாதம் தவறாமல் அதே தொகை, அதே அறை. முடிவு இரண்டு: பொறுத்தார்கள், சந்தை விழவில்லை, ஐந்து வருடம் கழித்து உயர்வுக் கடிதம் ஜீனின் வாசலில் வந்து விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தது...

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. ஜீன் என்று எழுதினால் பொய்யாகப் பட்டது. ஜீன் இல்லை என்று எழுத மனமில்லை.

கிளிஃபின் கை இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. இனி வாசிக்கும் நீங்கள்தான் அதைத் தூக்க வேண்டும். ஆனால் கூட்டத்தின் முதல் கேள்வி உங்களுக்கும் உண்டு. கதை நல்லபடியாக முடிய வேண்டும் என்று ஆசைப்படுவதும் ஆதாயம்தான். சோகமாக முடிந்தால்தான் இலக்கியம் என்று நினைப்பதும் ஆதாயம்தான். எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தூக்குங்கள். 'புதிதாக ஒன்றுமில்லை' என்று மட்டும் முனகாதீர்கள். ஜீன் அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்திருக்கிறாள்.