இருபது காக்கிச் சட்டைகள்

அந்தக் காகிதத்தை எழுதியவன் நான்தான். ஆகவே இந்தக் கதையில் யார்மேலாவது உங்களுக்குக் கோபம் வந்தால், என்னையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம். கடல் தாண்டிய சீமையில், ஜாசின் ஊரிலிருந்து நாலு மைல் உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அங்கேயே பாச்சாங் ஊரில் பிறந்து, நாலு எழுத்து இங்கிலீஷ் படித்து, இருபத்திரண்டு வயதில் பேனாவோடு தோட்டத்துக்கு வந்தவன். ரப்பர் விலை படுத்துக் கிடந்த நேரம். ஆட்களின் நலனுக்கென்று லண்டன் கம்பெனி அந்த வருஷம் அனுப்பியது எண்பது வெள்ளி. அதற்குமேல் வாயைத் திறக்காதே என்று கடிதமும் கூடவே வந்தது.

அந்த வாரமே முத்தாயி ஆபீசுக்கு வந்தாள். ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவள் அவள். அம்மாக்கள் விடிவதற்கு முன் ரப்பர்ப் பால் வெட்டக் கிளம்பும்போது கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினெட்டுப் பிள்ளைகள். பெற்றவளின் பழைய புடவையே பிள்ளைக்குத் தூளி. வெளிக்காட்டில் ஈரத்திலும் முள்ளிலும் கிழிந்து, இனி கட்டவே முடியாது என்றான பிறகுதான் புடவை தூளியாகும். அந்தத் துணி எத்தனை நாள் தாங்கும்?

"கிராணியாரே, வேலாயி புள்ள நேத்து விழுந்திருச்சு. தூளி நடுவாக்குல கிழிஞ்சு பொத்துன்னு தரையில. நெத்தி இம்மாம் பெருசு வீங்கிக் கெடக்கு. கெட்டித் துணியா வாங்கித் தரச் சொல்லுங்க. இன்னொண்ணு விழுந்து மண்ட ஒடஞ்சா அந்தத் தாய் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

நாற்பத்தைந்து கெஜம் என்று கணக்குப் போட்டு எழுதினேன். அதே காகிதத்தில் அதற்குக் கீழே தோட்ட மானேஜரான வெள்ளைக்காரத் துரை சொன்னதையும் எழுதினேன்: தோட்டக் காவல் படைக்கு இருபது காக்கிச் சட்டை, இருபது காற்சட்டை, தையற்கூலி. இரண்டில் ஒன்றுதான் எண்பது வெள்ளிக்குள் அடங்கும். துரை பேனாவை எடுத்து மேலே இருந்ததை அடித்தார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "இன்னொரு சண்டை வரும், ஜெயராஜ். வரும்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் எரிச்சலுக்கே காரணம். கெட்டவராக இருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். முந்தைய சண்டையில் பிரான்சில் இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். அங்கே என்ன நடந்தது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

காவல் படைக்குத் தலைவன் முத்தாயியின் புருஷன் இருளாண்டி. கூத்தைப் பாருங்கள். பெண்டாட்டி கேட்ட துணிக்குப் பதிலாகப் புருஷனுக்குச் சட்டை! தினமும் சாயங்காலம் இருபது பேரும் திடலில் ரப்பர்க் கட்டையைத் துப்பாக்கியாகத் தோளில் சாய்த்துக்கொண்டு கவாத்துப் பழகினார்கள். அவர்களில் மருதமுத்து எப்போதும் வலது காலில் கிளம்புவான், அவனுக்குப் பின்னால் நிற்பவன் குதிகாலை மிதிப்பான், அங்கேயே ஒரு சண்டை நடக்கும்.

"இவரு வெள்ளக்காரன் கோட்டையக் காப்பாத்தப் போறாரு," என்பாள் முத்தாயி. "கொட்டகையில பல்லி விழுந்தா எடுத்துப் போட ஆள் இல்ல."

"நீ பேசுடி. சட்டை வரட்டும், அப்புறம் பாரு என்னைய," என்பான் இருளாண்டி.

அவன் பிறந்ததிலிருந்து தன் அளவுக்குத் தைத்த சட்டை போட்டதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாற்பத்தைந்து வயது. ஜாசின் தையற்காரர் அளவு எடுத்தபோது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் நின்றானாம். அதைச் சொல்லிச் சிரித்தவளும் முத்தாயிதான், கண்ணைத் துடைத்தவளும் அவள்தான்.

முதலில் சட்டைகள் மட்டும் வந்தன. காற்சட்டைக்கான துணி தையற்காரரிடமே இருந்தது. புதுத்துணி என்றால் உடுத்துவதற்கு முன் ஒரு மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் எல்லோரும் புருஷன்மாரின் சட்டையைத் தூக்கிக்கொண்டு முத்தாயியிடம் வந்தார்கள், அவள் கை ராசியான கை என்று. அங்கே ஒரு பெரிய யோசனை. புடவைக்கு முந்தி உண்டு, வேட்டிக்குக் கரை உண்டு. சட்டைக்கு எது மூலை? கடைசியில் இடது பக்கம் இருந்த பையைப் பார்த்து, நெஞ்சுக்கு மேலே இருப்பதால் இதுதான் நல்ல இடம் என்று முடிவு செய்து, இருபது பையிலும் தாராளமாக மஞ்சளை அப்பிவிட்டாள்.

"இந்தச் சட்டையே வேண்டாம்னு சண்ட போட்டீங்களேக்கா?" என்று கேட்டேன்.

"சண்ட துணியோட இல்ல, கிராணியாரே. எம் புருஷன் ஒடம்புல ஏறப் போவுது. நல்லபடியா ஏறணும்லா."

சனிக்கிழமை மாலை அந்த மஞ்சளைப் பார்த்துப் பதறியவன் நான். மறுநாள் காலை துரை முதல்முறையாகப் புதுச் சட்டை போட்ட படையைப் பார்வையிடுகிறார். பட்டன் ஒன்று தொங்கினாலே கத்துகிற மனிதர். "காலையில் முதல் வேலையாகச் சவுக்காரம் போட்டுத் துவைத்துவிடுங்கள்," என்று உத்தரவு போட்டேன். என் துணியை நானே துவைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெண்கள் ஜாசின் பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார்கள். துணி துவைத்துப் பழகாத இருபது ஆம்பிளைகள் கிணற்றடியில் உட்கார்ந்து சவுக்காரத்தைத் தேய் தேய் என்று தேய்த்தார்கள். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். வெயில் இருந்தாலாவது மெல்ல வெளுத்திருக்கும். அன்று வானத்தில் மப்பு.

பத்து மணிக்கு ஈரச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவன் நெஞ்சிலும் இடது பக்கம் கருஞ்சிவப்பாய் ஒரு திட்டு. ஈரத்தில் கீழ்நோக்கி ஒழுகியும் இருந்தது. துரை திட்டப் போகிறார் என்று நான் வரிசையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன்.

அவர் திட்டவில்லை. முதல் ஆளின் முன்னால் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. தொப்பியைக் கழற்றினார். மெதுவாக, "டாமி," என்றார். அடுத்தவனிடம் போய், "ஆல்ஃபிரட்." அடுத்தவனிடம் வேறொரு பெயர். காலை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார். ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர் சொன்னார். ஒன்றுகூட எங்கள் ஆட்களின் பெயர் இல்லை. பிரான்சில் செத்தவர்களின் பெயர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இருளாண்டியின் முன்னால் நின்று, "வில்," என்றார்.

இருளாண்டி நெஞ்சை நிமிர்த்தி, "இருளாண்டி, தொரை," என்றான்.

அதற்குள் பாசாரிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். "அடப் பாவிகளா! மஞ்சள்ல சவுக்காரமா போட்டீங்க? செவந்துல்ல கெடக்கு!" என்று கத்திக்கொண்டே வந்த முத்தாயி, துரையின் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கொட்டகையில் வீறிட்டு விழித்த பிள்ளையிடம் பேசுகிற அதே குரல்.

"ரத்தம் இல்ல, தொரை. மஞ்சள். புதுத்துணிக்கு நல்லதுக்குன்னு நாந்தான் வச்சேன். எல்லாரும் உசுரோட நல்லாத்தான் நிக்கிறாங்க, பாருங்க."

அவர் பார்த்தார். கடைசி ஆள் வரைக்கும் பார்த்தார். பிறகு தமிழில், "வீட்டுக்குப் போ. எல்லாரும் வீட்டுக்குப் போ," என்றார். தொப்பியைக் கையில் பிடித்தபடியே பங்களாவை நோக்கி நடந்தார்.

திங்கட்கிழமை ஆபீசில் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆயா கேட்டது எத்தனை கெஜம்?"

"நாற்பத்தைந்து, சார்."

"தையற்காரனிடம் இருப்பது?"

"நாற்பத்து மூன்று."

"கொண்டுவரச் சொல். காற்சட்டை வேண்டாம்." பழைய காகிதத்தை என்னிடம் தள்ளினார். "சண்டை வரத்தான் போகிறது, ஜெயராஜ். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவாத்து நடக்கட்டும். வேட்டியோடு நடக்கட்டும்."

காக்கித் துணியை வெட்டிப் பார்த்ததில் பதினேழு தூளிதான் தேறியது. கொட்டகையின் தூளி வரிசையில் பதினெட்டாவது இடம் வேலாயியின் பிள்ளைக்கு. எப்படி அளந்தாலும் வரவில்லை. முத்தாயி மூன்று தடவை அளந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்த பிள்ளைக்கே இல்லையென்றால் அப்புறம் என்ன?

அப்போது இருளாண்டி உள்ளே வந்தான். தன் சட்டையை அவள் மடியில் போட்டான். அவனுக்குப் பின்னால் மருதமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் தங்கள் சட்டைகளோடு நின்றார்கள்.

"நாலையும் பிரிச்சுத் தச்சா ஒரு தூளி வரும்," என்றான்.

"வேணாய்யா." முத்தாயி சட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "இது உனக்குன்னு தச்சது. ஒத்த நாள்தான் போட்ட. நான் வேற எங்கயாச்சும் கேட்டுப் பாக்குறேன்."

"எங்க போய்க் கேப்ப?"

அவனே உட்கார்ந்து, பிளேடை எடுத்துத் தோள்பட்டைத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தான். அத்தனை பொறுமையாக, நூல் நூலாக, துணி கொஞ்சமும் கிழியாமல். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள் அவள். அன்றைக்கு அந்த இரண்டு பேரையும் பார்த்தபோது, கல்யாணம் பண்ணிக்கொண்டால் இப்படி ஒருத்தியைத்தான் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையும் வந்தது.

மறுநாள் காலை துரை கொட்டகைக்கு வந்தார். அதுவரை அவர் அந்த வாசலுக்குள் கால் வைத்ததில்லை. குனிந்து உள்ளே வந்து, காக்கித் தூளிகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். நாலு சட்டையைச் சேர்த்துத் தைத்த தூளியின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அதன் வெளிப்புறத்தில் அந்தச் சிவப்புத் திட்டு ஒன்று அப்படியே இருந்தது. அவர் கையை நீட்டி அதன்மேல் வைத்தார். உள்ளே வேலாயியின் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சுக்கு அந்தத் திட்டு அவர் உள்ளங்கைக்குக் கீழே ஏறி இறங்கியது.

அவர் கையை எடுக்கவில்லை. ஆபீசில் லண்டன் தபால் காத்திருந்தது. நானும் அதை ஞாபகப்படுத்தவில்லை.

"தூங்குதா?" என்று தமிழில் கேட்டார்.

"தூங்குது, தொரை," என்றாள் முத்தாயி.