அரக்கு முத்திரைக்குக் கீழே தண்ணீர்

1

போன மழைக்காலத்தில் என் காரின் இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் மோர் போல வெள்ளையாக அப்பியிருந்தது; ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படி ஆகும். இந்தக் கதைக்கு மூலம் அவ்வளவுதான். செஞ்சி ஊரைத் தவிர மற்றதெல்லாம், தேவநாதன், துரைராஜ், 1964ஆம் வருஷம் உட்பட, என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கோட்டை மேல் மேகம் கவிந்திருந்த ஒரு மார்கழிக் காலையில்..."

வேண்டாம். செஞ்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோட்டை தானாக வந்து நடுவில் நின்றுகொள்கிறது.

இரண்டாவது: "திருட்டுப் பயலே!"

இது சரி. தன் காரின் ஆயில் மூடிக்குள் அதே வெள்ளையைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் அத்தனை பேர் பார்க்க இப்படிக் கத்தியவர் எண்ணெய் வியாபாரி தேவநாதன். கேட்டுக்கொண்டு நின்றவன் அவருடைய டிரைவர் துரைராஜ். தளவானூர்க்காரன், கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாக லைசென்ஸ் வாங்கியவன்.

"ஆயில வித்துட்டு தண்ணிய ஊத்தி வச்சிருக்கிற. எங்கிட்டயேவா?"

(எண்ணெய் வியாபாரிக்கு முதலில் கலப்படம்தான் தோன்றும். அதற்காக அவரை நான் திட்ட மாட்டேன்.)

காரணம் துரைராஜுக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? செஞ்சியில் இருந்த கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருடன் என்று பெயர் வாங்கியவனிடம் எவன் ஸ்டியரிங்கைக் கொடுப்பான்?

"புது ஆயில நீங்களே ஊத்துங்க மொதலாளி. ஊத்திட்டு சீல் வச்சிடுங்க" என்றான்.

3

புது ஆயிலை ஊற்றி, கடை எண்ணெய் டின்னுக்கு வைப்பதுபோலவே மூடிக்கும், ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக் கம்பிக்கும் நூல் சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார் தேவநாதன். கார் வழக்கம்போல ஓடியது. காலையில் வீட்டிலிருந்து கடைக்கு, மாலையில் கடையிலிருந்து வீட்டுக்கு. மொத்தம் மூன்று தெரு. திண்டிவனம் போக வேண்டுமென்றால் அவர் பஸ்ஸில் போனார். கார் தேய்ந்துவிடக் கூடாதாம்.

(இப்படி ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். ஆனால் அவர் இல்லாமல் கதை இல்லை.)

இருபதாம் நாள் முத்திரையை அவரே உடைத்தார். அதுவரை யார் கையும் படாத முத்திரை. உள்ளே வெள்ளை.

"இன்னாடா இது? யாரு ஊத்துனது?"

4

"யாரும் ஊத்தலீங்க. பெட்ரோல் எரியறதுலயே தண்ணி உண்டாவுது. இன்ஜின் நல்லா சூடாச்சின்னா ஆவியாப் பூடும். நாம சூடு ஏர்றதுக்குள்ளயே நிறுத்திடறோம்."

"நெருப்புலேர்ந்து தண்ணியா?"

[இங்கே ரசாயன விளக்கம் ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.] பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம்தான், ஆனாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அன்றைக்கே விழுப்புரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். செஞ்சிக்கு ஒரு மைல் இருக்கும்போது துரைராஜ் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தான். ஆவி எழுந்தது. வெள்ளை பொட்டுக்கூட இல்லை. தேவநாதன் தன்னையறியாமல் கை குவித்தார். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"தப்பு என்னுதுதான் துரைராஜு."

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஒரு பிரதியில் முடித்தும் விட்டேன். துரைராஜ் ஒப்புக்கொள்ளவில்லை.

"அத கடத்தெருவுல வந்து சொல்றீங்களா மொதலாளி?"

தேவநாதன் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். நான் எழுதினால் "சரி" என்று சொல்ல வைத்துவிடுவேன். எனக்கு அது ஒரு வார்த்தை. அவருக்கு அப்படி இல்லை. துரைராஜ் வண்டியைக் கிளப்பிவிட்டான், இன்னும் ஒரு மைல்தான் இருக்கிறது. பதிலை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் டிரைவர் உங்களைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.